அறிஞர் சித்திலெவ்வையும் அசன்பே சரித்திரமும்

புதினம் மேலைநாட்டிலிருந்து நமக்கு வந்து சேர்ந்த இலக்கிய வகை. 1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதற் புதினம் என்று நாம் பயில்கிறோம். அடுத்து, 1896இல் நூலாக வந்த ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரத்திற்குச் சென்றுவிடுகிறோம். இவ்விரண்டிற்கும் இடையில், 1885இல், இலங்கையில் தோன்றிய அசன்பே சரித்திரம் பெரும்பாலும் நம் கண்ணில் படுவதில்லை. அதனை இயற்றிய முகம்மது காசிம் சித்திலெவ்வையின் வாழ்வை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

அவர் 1838 ஜூன் 11ஆம் நாள் கண்டியில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர், மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். அந்நாளில் ஆங்கிலக் கல்வி பெரிதும் கிறித்தவ மிஷன் பள்ளிகளின் வழியே கிடைத்தது. பிள்ளைகள் சமயம் மாறிவிடுவரோ என்று அஞ்சிய இலங்கை முஸ்லிம்கள் அப்பள்ளிகளை நாடவில்லை. அதனால் சமயம் காக்கப்பட்டது. ஆனால் அரசுப் பணிகளின் வாயில் அடைபட்டது. சமயத்தையும் கல்வியையும் ஒருங்கே பேண வழி காண்பதே சித்திலெவ்வையின் வாழ்நாட்பணி ஆயிற்று.

1882இல் அவர் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். உலகச் செய்திகளைத் தந்ததோடு, கல்வியின் இன்றியமையாமையையும் அது இடையறாது வலியுறுத்தியது. அதே ஆண்டில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தளபதி ஒறாபி பாஷா, 1883இல் இலங்கைக்கு நாடு கடத்தப்பட்டார். அவரும் சித்திலெவ்வையும் கல்விப் பணியில் கைகோத்தனர்.

அசன்பே சரித்திரம் இச்சூழலில் பிறந்தது. எகிப்தின் உயர்குடியில் பிறந்த குழந்தை ஒன்று கடத்தப்பட்டுப் பம்பாய் வந்து சேர்கிறது. அங்கு வளர்ந்த அசன், கல்கத்தாவிற்கும் சென்று, பல இடர்களைக் கடந்து, இறுதியில் தாயகம் திரும்பிப் பெற்றோரை அடைகிறான். தன் குலப்பெருமையை அறியாத நிலையிலேயே அவன் தன் பண்பாலும் அறிவாலும் உயர்வதைக் கதை காட்டுகிறது. பழம்பெருமை பேசி வாளாவிருந்த சமுதாயத்திற்கு இதைவிடத் தக்க பாடம் வேறென்ன இருக்க முடியும்? தாயகம் இழந்த எகிப்தியர் ஒருவரின் நட்பு, எகிப்தியக் கதைக்குத் தூண்டுகோலாய் இருந்திருக்கும் என நாம் எண்ண இடமுண்டு.

அதுகாறும் முஸ்லிம் புலவர்கள் காப்பியம், கிஸ்ஸா, மசலா, நாமா, படைப்போர் எனச் செய்யுளிலேயே பெரிதும் இலக்கியம் படைத்தனர். அம்மரபினர்க்கு உரைநடைக் கதை புதியது. மேலைநாட்டு வடிவத்தை அஞ்சி ஒதுக்காமல், அதனுள் தம் மக்களின் வாழ்வையும் நம்பிக்கையையும் பெய்து தந்தமை சித்திலெவ்வையின் துணிவு. ஆங்கிலக் கல்வியிலும் அவர் கொண்ட நிலை இதுவே.

எழுத்தோடு அவர் நின்றுவிடவில்லை. 1891இல் கண்டியில் பெண்களுக்கெனப் பள்ளி அமைத்தார். 1892இல் ஒறாபி பாஷா, வாப்பிச்சி மரைக்காயர் ஆகியோருடன் இணைந்து கொழும்பில் நிறுவிய பள்ளியே பின்னாளில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. சொந்தச் சமுதாயத்திலேயே எழுந்த எதிர்ப்பு அவரைத் தளரச் செய்யவில்லை. 1897இல் அஸ்றாறுல் ஆலம் என்னும் மெய்ஞ்ஞான நூலை வெளியிட்டார். மறு ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள், தம் அறுபதாம் அகவை நிறைவதற்குள் மறைந்தார். இலங்கை அரசு 1977இல் அஞ்சல்தலை வெளியிட்டு அவரைச் சிறப்பித்தது.

வடக்குத்தைச் சூழ்ந்த நம் நிலத்தின் அடியில் நெடுங்காலம் கிடந்த பழுப்பு நிலக்கரி, தோண்டியவர்க்கே பயன் தந்தது. பழைய நூல்களும் அத்தகையனவே. தமிழ் பயிலும் மாணவர்கள் புதின வரலாற்றில் 1879க்கு அடுத்து 1885ஐயும் எழுதிக்கொள்வார்களாக. எழுதியதோடு அமையாமல், அந்நூலை நாடிப் படிப்பார்களாக.