மகளை இழந்தார், மைந்தர்களைப் பெற்றார்
அன்னி பெசண்ட் அம்மையாரின் இரண்டு வழக்குகள்

குழந்தை யாரிடம் வளர்வது? இந்தக் கேள்விக்காக அன்னி பெசண்ட் அம்மையார் வாழ்நாளில் இரு முறை கோர்ட்டுப் படி ஏறினார்.

1847-ல் லண்டனில் பிறந்த அவர், 20 வயதில் ஒரு பாதிரியாரை மணந்தார். இல்வாழ்க்கை கசந்தது. 1873-ல் இருவரும் பிரிந்தனர். மகன் தந்தையிடமும், மகள் மேபல் தாயிடமும் வளர்வதென்று ஏற்பாடாயிற்று.

பறிபோன மகள்

அம்மையார் நாத்திகம் பேசினார். 1877-ல், கர்ப்பத்தடை பற்றிய புத்தகம் ஒன்றை வெளியிட்டார். இத்தகையவரிடம் பெண் குழந்தை வளரலாகாது என்று கணவர் வழக்குத் தொடுத்தார். 1878-ல் கோர்ட்டு மேபலைத் தந்தையிடம் ஒப்படைத்தது. அம்மையார் அப்பீல் செய்தார். 1879-ல் அதிலும் தோற்றார். பெற்ற வயிறு துடித்தது.

பிள்ளைகள் பெரியவர்களானதும் தாயிடமே திரும்பி வந்தனர்.

அடையாற்றுச் சிறுவர்கள்

அம்மையார் 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் பிரம்மஞான சபையின் தலைவரானார். சென்னை அடையாற்றிலுள்ள அந்தச் சபையில் வேலை பார்த்தவர் நாராயணய்யா, மனைவியை இழந்தவர். அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தி உலக குருவாவான் என்று சபையார் நம்பினர்.

1910-ல் நாராயணய்யா, கிருஷ்ணமூர்த்தியையும் அவன் தம்பி நித்யானந்தனையும் வளர்க்கும் பொறுப்பை அம்மையாருக்கு எழுதிக் கொடுத்தார். சிறுவர்கள் இங்கிலாந்து சென்றனர்.

பிறகு தந்தையின் மனம் மாறியது. பிள்ளைகளைத் திருப்பித் தரும்படி 1912-ல் வழக்குப் போட்டார். வக்கீல் வைக்காமல் அம்மையாரே வாதாடினார். 1913-ல் சென்னை ஐகோர்ட்டு, பிள்ளைகளைத் தந்தையிடம் ஒப்படைக்க உத்தரவிட்டது. ஐகோர்ட்டில் செய்த அப்பீலிலும் அம்மையாருக்குத் தோல்வியே.

கடைசி அப்பீல்

லண்டன் பிரிவி கவுன்சிலே அந்நாளில் மேலான கோர்ட்டு. அம்மையார் அங்கே போனார். 1914 மே மாதம் தீர்ப்பு வந்தது.

தந்தை கொடுத்த பொறுப்பை அவர் திரும்பப் பெறலாம் என்றது கவுன்சில். ஆனால் சிறுவர்கள் இங்கிலாந்தில் இருந்ததால், வழக்கு அங்குள்ள கோர்ட்டுக்கே போயிருக்க வேண்டும் என்றது. சிறுவர்களின் நலனும் விருப்பமும் கேட்கப்படவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. ஐகோர்ட்டு உத்தரவு ரத்தாயிற்று.

அம்மையார் வென்றார். ஆனால் முன்பு ஒரு தாய் அனுபவித்த வேதனை, இப்போது ஒரு தந்தைக்கு வந்தது.

உலக குரு பட்டத்தை 1929-ல் கிருஷ்ணமூர்த்தியே உதறினார். அம்மையார் 1933-ல் அடையாற்றில் காலமானார்.

மைனரின் நலனே முதன்மையானது என்று 1956-ம் ஆண்டு இந்து மைனர் பாதுகாவலர் சட்டம் சொல்கிறது. வழக்காடுவோர் பெரியவர்கள், வாழப்போவது குழந்தை.