ஆசிரியைகளுக்கு முதலில் அரிச்சுவடி: துப்புயி அடிகளார்



நம் காதர்பேட்டைக் கடைகளில் குவித்துப் போட்டிருக்கும் ஏற்றுமதிப் பனியன் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். உட்புறம் தைத்த லேபிளில் நாலைந்து மொழிகளுக்கு நடுவே பிரெஞ்சும் இருப்பதுண்டு. பருத்திக்கான பிரெஞ்சுச் சொல்லை நம் பிள்ளைகள் கோட்டன் என்றே படித்துவிடுகிறார்கள். பிரெஞ்சுக்காரர் வாயிலோ அது கொத்தோன் என மூக்கொலியாய்க் கரைந்துபோகும். எழுத்து ஒன்று, ஒலி ஒன்று. அம்மொழி கற்பவரை முதலில் தடுக்கி விழச்செய்வது இதுவே.

இந்தத் தடையை எதிர்ப்பக்கத்திலிருந்து தாண்டி வந்தவர் லூயி சவினியன் துப்புயி அடிகளார். அவர் பெயரின் ஈற்றிலும் எழுத்தில் ஒரு ஸ் உண்டு, உச்சரிப்பில் இல்லை. பிரான்சு நாட்டில் 1806-ல் பிறந்து, பாரீஸ் வேதபோதக சபையில் சேர்ந்து, 1832-ல் பாண்டிச்சேரி மறைபரப்புத் தளத்துக்கு வந்தார். தமிழில் ககரம் ஒன்றே இடத்துக்கு ஏற்ப மூவகையாய் ஒலிக்கும். பிரெஞ்சிலோ வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. மேசைக்கும் நாற்காலிக்கும்கூட ஆண்பால் பெண்பால் பார்க்கும் மொழியில் பிறந்தவருக்கு, அஃறிணை என்ற நம் பாகுபாடே புதிது. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும்வரை மூச்சை அடக்கிக் காத்திருக்கவும் வேண்டும். குருமடத்தில் அயல்மொழி இலக்கணத்தோடு மல்லுக்கட்டிய எம் போன்றோருக்கு அவர் பட்ட பாடு நன்றாகவே விளங்கும்.

தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் அடுத்து வருபவர்க்குக் கருவியாக்கினார் என்பதே அவர் சிறப்பு. பாண்டிச்சேரியில் மிஷன் அச்சகத்தை வளர்த்தார். மூசே அடிகளாருடன் சேர்ந்து தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855-லும் 1862-லும் இரு பாகங்களாக வெளிவந்தது. பிரெஞ்சு வழியே தமிழ் கற்பிக்கும் இலக்கண நூலையும் 1863-ல் வெளியிட்டார்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அறிஞர் என்று வணங்கி ஓர் ஓரமாய் வைத்திருப்போம். ஆனால் நாம் மெய்யாகவே வியப்பது 1844-ம் ஆண்டு நடந்ததை. அவ்வாண்டு ஆயர் போனான் ஆண்டகை பாண்டிச்சேரியில் குருக்களைக் கூட்டிச் சங்கம் நடத்தினார். பிள்ளைகளின் கல்வி, குறிப்பாகப் பெண்பிள்ளைகளின் கல்வி, அங்கே பேசப்பட்டது. பேசுவது எளிது, யார் போய்க் கற்பிப்பது? குளூனி கன்னியர் 1827 முதலே அந்நகரில் இருந்தார்களென்றாலும், தமிழ்க் குடும்பத்துப் பெண்பிள்ளைகளுக்குத் தமிழிலே கற்பிக்கத் தமிழ்ப் பெண்கள் வேண்டும். ஆண் வாத்தியாரிடம் வளர்ந்த பெண்ணை அனுப்ப எந்தத் தாயும் இசையமாட்டாள். பெண் வாத்தியாரோ கிடையாது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் கோயில் தாசியாய்த்தான் இருப்பாள் என்று நல்ல குடும்பங்கள் நாக்கூசிய காலம் அது. அந்தப் பழிச்சொல்லுக்குப் பயந்தே எத்தனை பெண்கள் கைநாட்டோடு கண்மூடினார்கள்!

இந்த முடிச்சை அடிகளார் அவிழ்த்த விதம் மிகச் சாதாரணமானது, அதனாலேயே உறுதியானது. பள்ளிக்கு முன் ஆசிரியை. ஆசிரியைக்கு முன் அரிச்சுவடி. 1844 அக்டோபர் 16-ல் தமிழ்ப் பெண்களைக் கொண்டு ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார். மரியாயின் மாசற்ற இருதயப் பிரான்சிஸ்கன் சபை என இன்று நாம் அறிவது அதுவே. துறவு உடையில் இருக்கும் பெண்ணைப் பார்த்து, படித்தவள் என்பதற்காக யாரும் பழிக்கத் துணியமாட்டார்கள் அல்லவா? வைத்த கணக்குப் பொய்க்கவில்லை. கற்பிக்கப்போகும் பெண்கள் தாமே முதலில் மாணவியராய் உட்கார்ந்து எழுத்துக் கூட்டினார்கள். பிறகே பிள்ளைகள் முன் நின்றார்கள்.

இதெல்லாம் பாண்டிச்சேரிக் கதை, நமக்கென்ன என்று கேட்கத் தோன்றலாம். அந்நாளில் கோயம்புத்தூரும் இப்பகுதியும் பாண்டிச்சேரி ஆயரின் பொறுப்பிலேயே இருந்தன. 1844-ம் ஆண்டுச் சங்கத்தில் கலந்துகொண்ட தெ பிரசியாக் அடிகளாரே, நமக்கு அண்டையிலுள்ள கருமத்தம்பட்டியில் 1846-ல் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். 1850-ல்தான் கோவை தனி மறைவட்டமாயிற்று. ஆக, அந்தச் சங்கத்தில் முளைத்த எண்ணம் நம் மூதாதையர் ஊர்களையும் சேர்த்தே நினைத்தது.

துப்புயி அடிகளார் தாய்நாடு திரும்பிக் குடியேறவில்லை. 42 ஆண்டுகள் இம்மண்ணிலே உழைத்து, 1874 ஜூன் 4-ல் இறைவனடி சேர்ந்தார். அவர் சபைக் கன்னியர் அதன்பின் பாண்டிச்சேரிக்கு வெளியேயும் பள்ளிகளை நடத்திவந்தார்கள்.