தண்டவாளம் தெரியாமலே இரயிலை முந்தியவர்

வெறிநாய் கடித்துவிட்டதா? வேப்பிலை கொண்டு வா, மந்திரிக்கலாம்! கடிவாயில் மிளகாய்த்தூளை அப்பு! குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வை! இந்தக் குரல்கள் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கடித்தது வெறிபிடிக்காத நாய் என்றால், பிழைத்தவன் மந்திரவாதிக்கு மாலை போடுகிறான். வெறிபிடித்த நாயாக இருந்தாலோ, இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டு மிரண்டு, தொண்டை இறுகித் துடிதுடித்துச் சாகிறான். பழி விதியின் தலையில் விழுகிறது. பிழைத்தால் மந்திரத்துக்குப் புகழ், செத்தால் தலையெழுத்து! நட்டமே காணாத வாணிபம் அல்லவா இது!

அந்த வாணிபத்தின் ஆணிவேரில் கோடரி போட்டவர் லூயி பாஸ்டர். அவர் வரலாற்றைத் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறோம்.

பிரெஞ்சு நாட்டில், டோல் என்னும் சிற்றூரில், 1822 டிசம்பர் 27ஆம் நாள் பிறந்தார் பாஸ்டர். மாளிகையில் அல்ல, தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றம் வீசிய வீட்டில்! தந்தை நெப்போலியன் படையில் பணியாற்றித் திரும்பியவர். தோல் பதனிட்டுப் பிழைத்தவர். மகன் 1842இல் பட்டத் தேர்வு எழுதியபோது, இரசாயனத்தில் சுமார் ரகம் என்று குறித்தார்கள். அந்தச் சுமார் ரகம்தான் பின்னாளில் இரசாயன உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது! அறிவு சிலருக்கு மட்டும் பிறவியிலேயே வாய்ப்பது, மற்றவர்க்கு எட்டாக்கனி என்று கதை அளந்தவர்கள், இந்தத் தோல் தொழிலாளி மகனைக் கொஞ்சம் பார்க்கட்டும்.

1831இல், அவர் வளர்ந்த ஆர்புவா வட்டாரத்தில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று புகுந்து பலரைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கொண்டுபோய், பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தைச் சுட்டார்கள். அன்றைக்கு அதுதான் வைத்தியம்! அந்த அலறலைக் கேட்டான் சிறுவன் பாஸ்டர். கேட்டதை மறக்கவில்லை.

படித்தார், ஆராய்ந்தார். 1848இல் படிகங்களின் புதிர் ஒன்றை விடுவித்தார். பால் புளிப்பதும் திராட்சைச் சாறு நொதிப்பதும் நுண்ணுயிர்களின் வேலை என்று காட்டினார். 1865 முதல் பட்டுப்புழுக்களின் நோயை ஆராய்ந்து நெசவுத் தொழிலுக்குக் கைகொடுத்தார். இடையிலே துயரம் துரத்தியது. 1859க்கும் 1866க்கும் இடையில் பெண் மக்கள் மூவரைப் பறிகொடுத்தார். 1868இல் பக்கவாதம் தாக்கி இடப்பக்கம் செயலிழந்தது. உடல் பாதி ஓய்ந்தது, உள்ளம் ஓயவில்லை!

1880இல் வெறிநாய்க்கடி நோயைக் கையில் எடுத்தார். நுண்ணோக்கியில் பார்த்தார், நோய்க்கிருமி தென்படவில்லை. தென்படாதது இல்லாதது ஆகிவிடுமா? நோய் மூளையிலும் தண்டுவடத்திலும் குடியிருப்பதை உறுதி செய்துகொண்டார். எமில் ரூ என்ற தோழருடன் சேர்ந்து, நோய் கண்ட முயலின் தண்டுவடத்தைக் கண்ணாடிப் புட்டியில், ஈரமற்ற காற்றில் தொங்கவிட்டார். நாள் ஏற ஏற நஞ்சின் வீரியம் இறங்கியது. மிகவும் வலுவிழந்ததை முதலில் செலுத்தி, படிப்படியாக வலுவானதைச் செலுத்தினால், உடல் எதிர்த்து நிற்கப் பழகிக்கொள்ளும் என்பது அவர் கண்ட வழி.

1885 ஜூலை 6. அல்சாஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனைத் தாய் அழைத்து வந்தாள். இரண்டு நாள் முன்பு நாய் கடித்த காயங்கள். பாஸ்டர் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர். எனவே மருத்துவர் கிராஞ்சே ஊசி போட்டார். 13 ஊசிகள்! சிறுவன் பிழைத்தான்.

ஆனால் அதே ஆண்டு நவம்பரில், கடிபட்டு 37 நாள் கழித்து, தலையில் காயத்தோடு வந்த பத்து வயதுச் சிறுமி லூயிஸ் பெல்லத்தியேவைக் காப்பாற்ற முடியவில்லை. காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தும், பெற்றோரின் கண்ணீருக்காக ஊசி போட்டார், சிறுமி மாண்டாள். 1886இல் ருஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் பகுதியிலிருந்து, ஓநாய் கடித்த 19 பேர் வந்தனர். 16 பேர் உயிரோடு ஊர் திரும்பினர்.

ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் மாள்கிறார். ஏன்? பாஸ்டர் காலத்தில் முழு விடை இல்லை. இன்று இருக்கிறது, அதைச் சொன்னால்தான் அவர் பெருமை புரியும்.

நம் உடலின் செல் ஒவ்வொன்றும் வெறும் கூழ் அடைத்த பை அல்ல. உள்ளே எலும்புக்கூடு போன்ற சட்டகம் உண்டு. அதன் ஒரு பகுதி, டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள். அவை சரக்கு ஓடும் தண்டவாளங்கள்! அவற்றின்மீது சுமை இழுக்கும் புரதத் தொழிலாளர் இரு வகை. நரம்பின் தலைமையகத்திலிருந்து நுனிக்குச் சுமப்பது கைனெசின். நுனியிலிருந்து தலைமையகத்துக்கு இழுத்து வருவது டைனீன். பாதத்துத் தசையை இயக்கும் நரம்புச் செல்லின் தலைமையகம் தண்டுவடத்தில் இருக்கிறது. அதன் வால் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டு பாதத்தை எட்டுகிறது. தண்டவாளம் இல்லாமல் அத்தனை தொலைவுக்குச் சரக்குப் போய்ச் சேருமா?

ரேபிஸ் வைரசுக்குக் காலில்லை, சிறகில்லை. ஐந்தே வகைப் புரதங்கள் கொண்ட அற்பம் அது. ஒரு மில்லிமீட்டருக்குள் ஐயாயிரம் வைரஸ்கள் வரிசையாக நிற்கலாம். கடிவாயில் நுழைந்து, நரம்பு நுனியில் ஒட்டி, சிறு பை ஒன்றில் ஏறிக்கொள்கிறது. டைனீன் அதையும் சரக்கென்று எண்ணி இழுக்கிறது! தண்டவாளம் நம்முடையது, எரிபொருள் நம்முடையது, உழைப்பு நம்முடையது, பயணமோ பகைவனுடையது! உழைப்பவன் தோளில் ஏறி உழைப்பவனையே கொல்லும் சுரண்டல்காரனுக்கு இதைவிட உவமை வேண்டுமா? மூளையை அடைந்து பெருகி, மீண்டும் நரம்பு வழியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுகிறது. அடுத்த கடிக்கு ஆயத்தமாகிறது!

பாஸ்டர் பெயர் தாங்கிய பாரிஸ் நிலையத்தின் ஆய்வாளர்களே 1979இல் இந்தப் பயணத்துக்குச் சான்று தந்தார்கள். நுண்குழல்களைக் குலைக்கும் கோல்சிசின் என்ற பொருளை விலங்கின் நரம்பில் செலுத்தினார்கள். வைரசின் பயணம் தடைப்பட்டது. நம் செங்காந்தள் செடியில் இருக்கும் அதே கோல்சிசின்தான்! அதற்காகக் காந்தள் கிழங்கை மருந்தென்று எவரும் அரைத்துவிட வேண்டாம். அது கொல்லும் நஞ்சு. நம் செல்களின் தண்டவாளமும் அதே தண்டவாளம்தானே!

இப்போது விளங்குகிறதா, தோழர்களே? வைரசின் பயணம் பெரும்பாலும் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் நீளும். அந்த அவகாசத்துக்குள் உடலின் காவற்படையைத் திரட்டிவிட்டார் பாஸ்டர். அவர் தண்டவாளத்தைக் கண்டதில்லை, டைனீனைக் கேள்விப்பட்டதில்லை, வைரசையே பார்த்ததில்லை; ஆயினும் இரயிலை முந்தினார்! தலையில் கடிபட்ட சிறுமிக்கோ தொலைவும் குறைவு. கழிந்த நாட்களோ 37.

பாஸ்டரை நாம் கடவுளாக்கவில்லை. விலங்குகளில் சோதனை முற்றுப்பெறுமுன்பே சிறுவனுக்கு ஊசி போட்டார் என்று, அவர் குறிப்பேடுகளைப் பின்னாளில் ஆராய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அறிவுலகில் அருளாளர் இல்லை. ஆராய்ச்சியாளர் உண்டு, அவரையும் ஆராயலாம். அதுதான் பகுத்தறிவு.

பலர் தந்த நன்கொடையால் பாரிசில் 1888 நவம்பர் 14இல் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. 1895 செப்டம்பர் 28இல் அவர் மறைந்தார். 1907இல் நம் நீலகிரியில், குன்னூரில், அவர் பெயரால் ஒரு நிலையம் எழுந்து தென்னாட்டு மக்களுக்கு மருந்து தந்தது. ஆர்புவாவில் எழுந்த அலறலுக்குப் பதில், குன்னூர் மலைவரை வந்து சேர்ந்தது!

வந்து சேர்ந்த பின்னும் நாம் வேப்பிலை தேடலாமா? மந்திரிக்கும் ஒவ்வொரு நாளும், வைரசுக்கு நாம் வழங்கும் இலவசப் பயணம்! கடிபட்டவுடன் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். காயத்தைப் பார்த்து, காயத்திலேயே போட வேண்டிய எதிர்ப்பு மருந்து தேவை என்று மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். குறித்த நாட்களில் ஓர் ஊசியும் தவறக்கூடாது. நோய்க்குறி தோன்றிவிட்டால் மீட்பது ஏறத்தாழ இயலாத காரியம்.

கிளைக்கழகத் தோழர்கள் இதைத் தெருத்தோறும், தேநீர்க்கடைதோறும் சொல்லட்டும். கண்ணுக்குத் தெரியாத பகைவனைக் கருத்தால் வென்றான் ஒரு தோல் தொழிலாளி மகன். பகைவன் வரும் பாதையே தெரிந்துவிட்ட இந்நாளில், பாதி வழியில் அவனை மறிக்க நமக்கென்ன தயக்கம்?