சுப்பாராவ் சரிதை

சென்ற ஆண்டு, பொன்மலைத் தொழிற்சாலையிற் பணிபுரியும் நண்பரொருவர் உண்ணிக் காய்ச்சலால் வருந்தினார். பன்னாள் மறக்கப்பட்டிருந்து தமிழ்நாட்டில் மீண்டும் தலையெடுத்த நோய்களுள் அஃதொன்று. டாக்ஸிசைக்ளின் என்னும் மருந்தை உட்கொண்ட மூன்றாம் நாள் அவர் எழுந்தமர்ந்தார். அம்மருந்தின் குலமுதல் ஆரியோமைசின். அது பிறந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர் நமது சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்றவர் என்பதை நம்மவருட் பலர் அறியார்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டில், அந்நாளில் சென்னை இராஜதானியைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் பிறந்தார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இருமுறை தவறி, மூன்றாம் முறையே தேறினார். (பரீட்சை முடிவு கண்டு வாடியிருக்கும் மாணவ நண்பர்கள் இதனைக் கருதுக.) வைத்தியம் பயிலுங்கால், காந்தியடிகளின் சொற்கேட்டுக் கதராடையுடன் அறுவைக்கூடம் புகுந்தமையால் பேராசிரியரின் சினத்திற்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டம் எய்தாது, எல்.எம்.எஸ். என்னும் குறைந்த பட்டமே பெற்றார். உடன்பிறந்தார் இருவர் கிராணிக் கழிச்சலால் அடுத்தடுத்து மாண்டனர். அந்நோய் அவரையும் பற்றி, ஆயுர்வேத சிகிச்சையால் நீங்கிற்று. அதற்கு மருந்து காணும் வேட்கை அவரை விட்டகலவில்லை.

1923-இல், கருவுற்றிருந்த மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். பாஸ்டன் நகரில் வயிறு வளர்க்க, ஆஸ்பத்திரியில் நோயாளரின் மலசலக் கலங்களைத் துலக்கும் இரவு வேலையையும் மேற்கொண்டார். ஊரிற் பிறந்த ஆண்மகவு தந்தை முகங் காணாமலே இறந்தது. அவரும் தாய்நாடு திரும்பினாரில்லை.

ஹார்வர்டில் பிஸ்கே என்பாருடன் கூடி, உடற்பொருள்களிற் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். இன்றும் அம்முறை இருவர் பெயராலேயே வழங்குகின்றது. ஆயினும் அப்பல்கலைக்கழகத்தில் நிலையான பதவி கிட்டாமையின், 1940-இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியிற் சேர்ந்தார். அங்கே அவர்தம் குழுவினர் போலிக் அமிலத்தைச் செயற்கையாய் ஆக்கினர். யானைக்கால் நோய்க்கு மருந்து கண்டனர். அகவை எழுபது கடந்த தாவர நூற்புலவர் டக்கர் அவ்வாய்வுக்கூடத்தில், மிசௌரி நாட்டு வயல்மண்ணிலிருந்து பொன்னிற நுண்ணுயிரொன்றைப் பிரித்தெடுத்தார். அந்நிறம் பற்றியே மருந்து ஆரியோமைசின் எனப்பட்டது. 1948-இல் அஃது உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், 53-ஆம் வயதில், சுப்பாராவ் உறக்கத்திலேயே உயிர்நீத்தார்.

தம் உடன்பிறந்தாரைக் கொன்ற கிராணிக்கு இன்று வைத்தியர் தருவன போலிக் அமிலமும், ஆரியோமைசின் குலத்து டெட்ராசைக்ளினுமே. இவ்விரண்டும் அந்நோய்க்கு ஒருங்கே தரப்படுவதை அவர் அறிந்திலர்.

அறியாதது மற்றொன்றுமுண்டு. அவர் மறைந்த சின்னாளில், அதே கம்பெனியினர் ஆரியோமைசின் வடித்த எச்சத்தைக் கோழிக்குஞ்சுகட்கு இட்டு, அவை விரைந்து கொழுப்பதைக் கண்டனர். அதன்பின் நோயில்லாக் கால்நடைகளும் பல்லாண்டு இம்மருந்தை உண்டன. 1950-க்குப் பிந்திய பத்தாண்டிற்குள், ஜப்பானில் நான்கு மருந்துகட்கு ஒருங்கே அடங்காத சீதபேதிக் கிருமிகள் தோன்றின. ஒரு கிருமி தான் பெற்ற வன்மையைப் பிறிதொன்றிற்கு ஈயவும் வல்லதென அங்குள்ள அறிஞர் கண்டனர். சிலநாள் மருந்தை அரைகுறையாய் விழுங்கி நிறுத்துவார்க்கு இச்செய்தியின் பொருள் விளங்குவதில்லை. 1994-இல் சூரத்து நகரிற் பிளேக் என்ற அச்சம் எழுந்தபோது, மக்கள் டெட்ராசைக்ளினை வேண்டிக் கடைகளை முற்றுகையிட்டனர், நோயற்றாரும் உண்டனர்.

உண்ணிக் காய்ச்சலுக்கு இக்குலத்து மருந்தே இன்றும் முதன்மையானது. முன்னர் இதற்கு அடங்கிய குடற்கிருமிகளுட் பலவோ இப்போது அடங்குவதில்லை.