நூறு செயல்களை நினைவில் நிறுத்தியவர், அக்கலையைத் துறந்தது ஏன்? காந்தியின் வழிகாட்டி ஸ்ரீமத் ராஜ்சந்திராவின் வாழ்க்கை

மும்பை: தென் மும்பையின் தோபி தலாவ் பகுதியில் உள்ள பிராம்ஜி காவஸ்ஜி அரங்கில், 1887ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் தேதி, 19 வயது இளைஞர் ஒருவர் சதாவதானம் நிகழ்த்தினார். நூறு செயல்களில் ஒரே அமர்வில் கவனம் செலுத்தி, இறுதியில் அனைத்தையும் பிழையின்றி ஒப்பிப்பதே சதாவதானம். அறியாத மொழிகளின் சொற்கள் வரிசை மாற்றிக் கூறப்படும். அவற்றுக்கு நடுவே கணக்குகளுக்கு விடை காண வேண்டும், கவிதையும் இயற்ற வேண்டும். தமிழர்களுக்கு இக்கலை புதிதன்று. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பி பாவலர், 1907இல் சென்னை விக்டோரியா அரங்கில் இதனை நிகழ்த்திப் புகழ்பெற்றார்.

மும்பையில் வியப்பூட்டிய அந்த இளைஞர் ஸ்ரீமத் ராஜ்சந்திரா. குஜராத்தின் மோர்பி அருகேயுள்ள வவாணியாவில் 1867 நவம்பர் 9ஆம் தேதி பிறந்தவர்.

அந்நிகழ்ச்சிக்கு 2 ஆண்டுகளுக்கு முன்னர்தான், ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் மறதியைப் பற்றிய தமது ஆய்வை வெளியிட்டிருந்தார். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்த அவர், கற்றதில் பாதிக்கும் மேல் முதல் ஒரு மணி நேரத்திலேயே நழுவிவிடுவதையும், பின்னர் மறதியின் வேகம் தணிவதையும் கண்டார். நாம் மறதி என்று கூறுவதில் கணிசமான பகுதி, தொடக்கத்திலேயே கவனம் பதியாததன் விளைவு என்பதைப் பிற்கால உளவியலும் ஏற்கிறது. அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள்.

ஐரோப்பாவிலும் இத்திறனைக் காட்டுமாறு ராஜ்சந்திராவுக்கு அழைப்பு வந்ததாகக் கூறப்படுகிறது. அவர் செல்லவில்லை. மாறாக, ஆன்மிகப் பாதைக்கு இது தடை எனக் கருதி, சுமார் 20 வயதில் அவதான நிகழ்ச்சிகளையே கைவிட்டார். புகழின் உச்சியில் எடுத்த முடிவு அது.

1891 ஜூலையில் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியை, நண்பர் டாக்டர் பிராண்ஜீவன் மேத்தா மும்பையில் ராஜ்சந்திராவுக்கு அறிமுகப்படுத்தினார். தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களை எல்லாம் காந்தி எழுதிப் படித்துக் காட்ட, ராஜ்சந்திரா அதே வரிசையில் அவற்றைத் திருப்பிச் சொன்னார். எனினும் காந்தியை ஈர்த்தது அந்த நினைவாற்றல் அன்று. அவருடைய சாத்திர அறிவும் ஒழுக்கமும் மெய்யறிவு வேட்கையும்தான். வைரம், முத்து வணிகம் முடிந்த மறுகணமே அவர் சமய நூலையோ குறிப்பேட்டையோ திறந்துவிடுவதைக் காந்தி நேரில் கண்டார். பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் சமயக் குழப்பம் நேர்ந்தபோது, 27 கேள்விகளை எழுதி விளக்கம் கேட்டதும் அவரிடமே.

எதையும் மறவாத அம்மனிதரின் தலைசிறந்த படைப்பு, பிறரின் மறதிக்காகப் பிறந்தது. ஆன்மா குறித்து அவர் உரைநடையில் எழுதிய மடலை மனப்பாடம் செய்வது கடினமாக இருப்பதாகவும், அதனைச் செய்யுளாக்கித் தருமாறும் சாயலாவைச் சேர்ந்த சோபாக்பாய் வேண்டினார். எதுகையும் சந்தமும் அடுத்த அடியை நினைவூட்டும் கொக்கிகள் என்பது திருக்குறளை மனப்பாடம் செய்தவர்களுக்குத் தெரியும். 1896இல் நடியாதில், ஒரே அமர்வில், 142 செய்யுள்களாக 'ஆத்மசித்தி' உருவானது.

உடல்நலம் குன்றிய ராஜ்சந்திரா, 1901 ஏப்ரல் 9ஆம் தேதி ராஜ்கோட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 33. அவரைப் பின்பற்றுவோர் இன்றும் அந்த 142 செய்யுள்களை ஏட்டைப் பாராமல் ஓதுகின்றனர்.