சூட்டிலிருந்து தப்பியவர் தீட்டிய முகம்

அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில், புலம்பெயர்ந்து வந்த ஏழைத் தொழிலாளர் குடும்பமொன்றில் 1928இல் பிறந்தவர் ஓவியர் அண்டி வோர்ஹோல். சிறுவயதில் நரம்பு நோயால் படுக்கையில் கிடந்த நாட்களில் சினிமா நட்சத்திரங்களின் படங்களைச் சேகரித்தார். தாய் அழைத்துச் சென்ற தேவாலயத்தில் புனிதர்களின் முகங்கள் வரிசையாகத் தீட்டப்பட்டிருந்தன. 13 வயதில் தந்தையை இழந்தார்.

நியூயோர்க் சென்றபின், புகைப்படங்களைப் பட்டுத்திரை அச்சின் மூலம் துணியில் பதித்து ஓவியமாக்கும் முறையால் புகழடைந்தார். கைத்துப்பாக்கியை நீட்டியபடி நிற்கும் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியை 1963இல் ஆளுயரத்தில் திரும்பத் திரும்பப் பதித்தார்.

1968 யூன் 3ஆம் திகதி, வோர்ஹோல் தனது கலைக்கூடத்திலேயே சுடப்பட்டார். உயிர் தப்பினாலும், உடலில் தழும்புகள் நிலைத்தன. காயம் தாங்க இறுதிவரை இடுப்புக்கச்சை அணிய வேண்டியிருந்தது. ஆனாலும் வேலையை விடவில்லை. 1975இல் றோலிங் ஸ்ரோன்ஸ் இசைக்குழுவின் மிக் ஜாகரை 10 அச்சோவியங்களாக்கினார். அவற்றில் ஜாகரும் கையொப்பமிட்டார்.

1980 டிசம்பர் 8ஆம் திகதி அதே நகரில் பாடகர் ஜோன் லெனன் சுடப்பட்டார். அவர் தப்பவில்லை. பின்னர் வோர்ஹோல் தீட்டிய லெனனின் முகம், 1986இல் வெளியான லெனனின் இசைத்தட்டுக்கு உறையானது. சில மாதங்களில், 1987 பெப்ரவரி 22ஆம் திகதி, சத்திரசிகிச்சையை அடுத்து வோர்ஹோலும் காலமானார். சூட்டுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 19 ஆண்டுகள். லெனனுக்குக் கிடைக்காத ஆண்டுகள் அவை.