தலைகீழாய்த் தொங்கிய ஆலயம்

2025ல் வணக்கத்துக்குரியவராக அறிவிக்கப்பட்ட கட்டடக் கலைஞர் அந்தோனி கவுதி, 1898ல் பார்சலோனா அருகே நெசவாலைத் தொழிலாளர்களுக்காக ஓர் ஆலயம் கட்டப் பொறுப்பேற்றார். உடனே கல் நாட்டினார் என்றா நினைக்கிறோம்? இல்லை. கயிறுகளைத் தொங்கவிட்டு, அவற்றில் ஈயக்குண்டுகள் நிறைந்த சிறு பைகளைக் கட்டினார். பாரத்தால் கயிறு வளையும். அவ்வடிவைப் படமெடுத்துத் தலைகீழாகத் திருப்பினால், கல்லும் செங்கலும் முட்டுச்சுவரின்றி நிற்கக்கூடிய வளைவு கிடைக்கும். இதற்கே பத்தாண்டுகள்!

1908ல் வேலை தொடங்கியது. 1914ல் பணம் நின்றது. நிலவறைக் கோவில் மட்டுமே எழுந்தது. நாமாக இருந்தால் மனமுடைந்திருப்போம். அவரோ, அங்கே கற்ற சாய்ந்த தூண்களைத் திருக்குடும்ப ஆலயத்திற்குக் கொண்டுசென்றார்.

1926 ஜூன் 7ல் டிராம் மோதியது. எளிய உடையைக் கண்டு பிச்சைக்காரர் என்றெண்ணி, ஏழைகளின் மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்று நாள்களுக்குப் பின் இறந்தார். திருக்குடும்ப ஆலய நிலவறையில் அடக்கம் செய்யப்பட்டார்.